ஸ்ரீரங்கப்பட்டணத்து வைரமும் லண்டன் நண்பர்களும்

ஸ்காட்லாந்து ஓவியர் சர் டேவிட் வில்கி 1839இல் ஒரு பெரிய எண்ணெய் ஓவியத்தை முடித்தார். 1799 மே 4ஆம் தேதி இரவு, ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வாயிலில் திப்பு சுல்தானின் உடலைத் தேடிக் கண்டெடுக்கும் காட்சி அது. சுல்தான் கீழே கிடக்கிறார். ஜெனரல் டேவிட் பேர்ட் மேலே நிமிர்ந்து நிற்கிறார். பேர்ட் இறந்தபின் அவருடைய மனைவி வரையச் சொன்ன படம். ஓவியருக்கு லண்டனில் ஒரு ஞானப்பிள்ளை இருந்தான். படம் முடிந்தபோது அவனுக்கு 15 வயது. ஞானத்தந்தையின் பெயரையே தன் பெயரில் தாங்கிய அந்த வில்லியம் வில்கி காலின்ஸ், 1868இல் அதே மே 4ஆம் தேதியில் தொடங்கும் ஒரு நாவலை எழுதினார். அதுதான் 'தி மூன்ஸ்டோன்'.

அந்த நாவலைத் தொடராக வெளியிட்ட வாரப் பத்திரிகை 'ஆல் தி இயர் ரவுண்ட்'. அதன் ஆசிரியரும் உரிமையாளரும் சார்லஸ் டிக்கென்ஸ். காலின்ஸைவிட 12 வயது மூத்தவர். அவருக்கு நண்பர், கூட்டாளி, முதலாளி. கடைசியில் போட்டியாளரும் ஆனார்.

இந்த இருவரைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாக வாசகர்களும் விமர்சகர்களும் பேசிவருவதைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று வாதங்கள் கிடைக்கும். உயிருள்ள மனிதர்களைப் படைத்தவர் யார் என்பது ஒன்று. யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது இன்னொன்று. இந்தியாவைப் பற்றி இருவரும் என்ன நினைத்தார்கள் என்பது மூன்றாவது. மூன்றையும் பெரும்பாலும் தனித்தனியாகவே பேசியிருக்கிறார்கள். காவிரி சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத் தீவிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: குற்றம் எங்கே, யாரால் தொடங்கியது?

கோட்டையில் நடந்தது, கதையில் நடப்பது

நான்காம் மைசூர்ப் போரின் கடைசி நாளில், பிற்பகல் 1 மணி அளவில், கோட்டைச் சுவரின் உடைப்பு வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உள்ளே நுழைந்தது. தளபதி ஜெனரல் ஹாரிஸ். தாக்குதலை முன்னின்று நடத்தியவர் பேர்ட். அவருக்கு அந்த ஊர் புதிதல்ல. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் திப்புவின் தந்தை ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கியபோது பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் கிடந்தவர் அவர். வில்கியின் ஓவியத்தில் பேர்டின் காலடியில் நிலவறையின் இரும்புக் கம்பிகள் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கோட்டை விழுந்த இரவு முழுவதும் கொள்ளை. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, தூக்கும் சவுக்கும் கொண்டுதான் படையை அடக்க முடிந்தது.

காலின்ஸ் இந்த இரவுக்குள் தன் கற்பனையைச் செருகுகிறார். ஜான் ஹெர்ன்காசில் என்ற ஆங்கில அதிகாரி அரண்மனை ஆயுதக் கிடங்குக்குள் புகுகிறான். அவனுடைய உறவினன் ஓடிவந்து பார்க்கும்போது இரண்டு இந்தியர்கள் வாசலில் செத்துக்கிடக்கிறார்கள். மூன்றாமவர் ஹெர்ன்காசிலின் காலடியில் குற்றுயிராகக் கிடக்கிறார். ஹெர்ன்காசிலின் ஒரு கையில் தீவெட்டி, மறு கையில் ரத்தம் சொட்டும் குத்துவாள். வாளின் கைப்பிடி முனையில் பதித்த கல் தீவெட்டி வெளிச்சத்தில் நெருப்புப் பொறியாக மின்னுகிறது. சாகிறவர் அந்த வாளைக் காட்டி, வைரம் உன்னையும் உன் வம்சத்தையும் பழிவாங்கும் என்று சபித்துவிட்டு இறக்கிறார். கொலையைக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. அதனால் விசாரணையும் இல்லை. குடும்பத்தோடு உறவு முறிவதோடு விஷயம் முடிகிறது.

வைரத்துக்குக் காலின்ஸ் தரும் பூர்வ கதை தமிழ் வாசகருக்குச் சிரிப்பையும் வரவழைக்கும். சோமநாதபுரத்தில் சந்திர தேவனின் நெற்றியில் இருந்த கல் அது. காக்கச் சொல்லி மூன்று பிராமணர்களின் கனவில் வந்து உத்தரவிடுபவரோ விஷ்ணு. சிவத்தலத்தில் சந்திரன், அவனுக்குக் காவல் வைக்க விஷ்ணு! கஜினி முகமது, ஔரங்கசீப் காலங்களைத் தாண்டி அந்தக் கல் திப்புவிடம் வருகிறது.

முன்னுரையில் காலின்ஸ் இரண்டு உண்மையான வைரங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று கோஹினூர். மற்றது ரஷ்யப் பேரரசரின் செங்கோலில் இருக்கும் கல். ஓர்லோவ் என்று பெயர் பெற்ற இந்த இரண்டாவது கல், நம் ஸ்ரீரங்கம் கோயில் விக்கிரகத்தின் கண்ணாக இருந்தது என்றும், பக்தனாக வேடம் போட்ட ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் அதைத் திருடிச் சென்றான் என்றும் ஐரோப்பாவில் நெடுநாளாக ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது. ஆனால் காவிரியில் அந்திய ரங்கமான ஸ்ரீரங்கத்தைப் பற்றிப் புனைந்த கதையின் சாயலில், அதே காவிரியில் ஆதி ரங்கமான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு நாவல் தொடங்குவது ரசிக்கத்தக்க பொருத்தம். இந்தப் பொருத்தத்தைக் காலின்ஸ் அறிந்திருந்தார் என்பதற்கு நாவலில் அடையாளம் இல்லை. திப்புவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, கோட்டைக்குள் இருந்த ரங்கநாதர் கோயில் கதையில் வரவே இல்லை.

நட்பின் கணக்கு

காலின்ஸும் டிக்கென்ஸும் 1851இல் ஓர் அமெச்சூர் நாடகத்துக்காகச் சந்தித்தார்கள். 1856இல் காலின்ஸ், டிக்கென்ஸின் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சேர்ந்து பயணம் போனார்கள், நாடகம் போட்டார்கள், கிறிஸ்துமஸ் மலர்களுக்குக் கதை எழுதினார்கள். 1859–60இல் 'தி வுமன் இன் ஒயிட்' தொடர் வந்தபோது காலின்ஸின் பெயர் நாடெங்கும் பரவியது. 1860இல் காலின்ஸின் தம்பி சார்லஸ், டிக்கென்ஸின் மகள் கேட்டை மணந்தார். மருமகன் நோயாளி. டிக்கென்ஸுக்கு அவரைப் பிடிக்கவில்லை. இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் அது ஓர் உறுத்தலாகவே இருந்தது.

'மூன்ஸ்டோன்' 1868 ஜனவரி 4 முதல் ஆகஸ்ட் 8 வரை 32 வாரங்கள் வெளிவந்தது. தொடரின் முற்பாதியில் டிக்கென்ஸ் அமெரிக்காவில் தன் கதைகளை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். லண்டனில் பத்திரிகைக்குத் துணைநின்றவர்களில் காலின்ஸும் ஒருவர். அந்த மார்ச்சில் அவருடைய தாய் இறந்தார். கீல்வாதம் அவரைப் படுக்கையில் போட்டது. வலி தாங்க அபினிச் சாரமான லாடனத்தைக் குடித்துக்கொண்டே சில பகுதிகளைச் சொல்லி எழுதவைத்தார். வெலிங்டன் தெருவிலிருந்த பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் அடுத்த இதழுக்காகக் கூட்டம் காத்து நின்றதை, நாவலைப் புத்தகமாக வெளியிட்ட டின்ஸ்லி பின்னர் நினைவுகூர்ந்தார்.

டிக்கென்ஸின் மனமாற்றம் இந்த ஓராண்டில்தான் துலங்குகிறது. 1867 ஜூனில் முதல் பகுதிகளைப் படித்துவிட்டு, காட்டுத்தனமும் வீட்டுத்தனமும் கலந்த விசித்திரமான கதை என்று துணையாசிரியர் வில்ஸுக்குப் பாராட்டி எழுதினார். 1868 ஜூலையில் அதே வில்ஸுக்கு எழுதிய கடிதத்திலோ, கட்டமைப்பு சகிக்கமுடியாத அலுப்பு என்றும், வாசகரைப் பகைத்துக்கொள்ளும் பிடிவாதமான கர்வம் அதில் இருக்கிறது என்றும் சாடினார். இடையில் மாறியது நாவலா, நாவலுக்குக் கிடைத்த வரவேற்பா என்று வாசகர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

காலின்ஸும் சளைத்தவரல்ல. டிக்கென்ஸ் 1870 ஜூன் 9இல் 'தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்' நாவலைப் பாதியில் விட்டுவிட்டு இறந்தார். ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கென்ஸ் வாழ்க்கை வரலாற்றின் பிரதியில் காலின்ஸ் ஓரக் குறிப்புகள் எழுதிவைத்திருந்தார். ஓய்ந்துபோன மூளை சிரமப்பட்டு எழுதியது 'ட்ரூட்' என்பது அவற்றில் ஒன்று. அந்த வரலாற்று நூலும் காலின்ஸின் இடத்தைச் சுருக்கியே காட்டியது. நண்பர் பட்டியலில்கூட ஒரு போட்டி நடந்திருக்கிறது.

யாருடைய மனிதர்கள் உயிருள்ளவர்கள்?

இந்த வாதத்துக்கு 1927 ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஈ.எம். ஃபார்ஸ்டர் கதைமாந்தரைத் தட்டையானவர், முழுமையானவர் என்று பிரித்தார். டிக்கென்ஸின் மனிதர்களில் ஏறக்குறைய அனைவரும் தட்டையானவர்களே, ஆனாலும் அவர்களில் உயிர் துடிக்கிறது என்று வியந்தார். அதே ஆண்டில் டி.எஸ். எலியட் காலின்ஸையும் டிக்கென்ஸையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினார். பாத்திரப் படைப்பில் டிக்கென்ஸ், கதைப் பின்னலில் காலின்ஸ் என்று அவர் செய்த பாகப்பிரிவினையைத்தான் பிறகு வந்த பலரும் திருப்பிச் சொன்னார்கள். ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முதலாவதும் சிறந்ததும் 'மூன்ஸ்டோன்' என்ற பட்டமும் எலியட் கொடுத்ததே. அவருக்கு முன்னரே ஆந்தனி ட்ரோலப், காலின்ஸின் கதைகளில் மணி, நிமிடம், மைல்கல் வரை எல்லாம் திட்டம் போட்டு வைத்தது தெரிகிறது என்று தன் சுயசரிதையில் குறைப்பட்டிருந்தார். ஆனால் அவருடைய 'தி யூஸ்டஸ் டயமண்ட்ஸ்' நாவலே 'மூன்ஸ்டோன்' இல்லாமல் பிறந்திருக்காது.

பாகப்பிரிவினை வசதியானது. நாவலை நெருங்கிப் படித்தால் நிற்காது.

ஹெர்ன்காசிலின் வைரம் பின்னர் வந்துசேர்ந்து காணாமல் போகும் ஆங்கில வீட்டின் மேலாளர் பெட்டரெட்ஜை எடுத்துக்கொள்வோம். எழுபதைத் தாண்டிய கிழவர். எந்தச் சிக்கல் வந்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைப் பிரித்து, கண்ணில் படும் வரியை வழிகாட்டியாகக் கொள்கிறார். நம்மூரில் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பதைப் போலத்தான். இந்தப் பழக்கம் வெறும் வேடிக்கைக்காக வைத்ததல்ல. அயல்தீவில் இறங்கி அதைத் தனதாக்கிக்கொண்ட ஓர் ஆங்கிலேயனின் கதைதான் அவருக்கு வேதம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்த திருட்டுக் கல்லைத் தன் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டு அவர் அந்த வேதத்தைப் புரட்டுகிறார்.

துப்பறிவாளர்களை ஒப்பிட்டாலும் சுவைதான். டிக்கென்ஸ் 1852–53இல் எழுதிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலின் இன்ஸ்பெக்டர் பக்கெட், தன் தடித்த ஆட்காட்டி விரலோடு கலந்து பேசுவதைப் போல யோசிப்பார். அவர் பெரும்பாலும் தவறுவதில்லை. 'மூன்ஸ்டோன்' நாவலின் சார்ஜென்ட் கஃப் ஒல்லியான மனிதர். ரோஜாத் தோட்டத்து நடைபாதைக்குப் புல்லா சரளையா என்று தோட்டக்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். கண்காணிப்பில் சூரர். ஆனால் முடிவில் தவறுகிறார்: வைரத்தைத் திருடியவள் அதன் சொந்தக்காரியான ரேச்சல்தான் என்று சாதித்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். ஸ்காட்லாந்து யார்டின் ஜோனதன் விச்சர்தான் கஃபுக்கு முன்மாதிரி. 1860இல் ரோட் ஹில் ஹவுஸ் கொலை வழக்கில் விச்சர் சந்தேகித்த கான்ஸ்டன்ஸ் கென்ட்டை நம்ப ஊர் மறுத்தது. 1865இல் அவளே ஒப்புக்கொண்டாள். அந்த வழக்கில் காணாமல் போன இரவு அங்கி, நாவலில் சாயம் பட்ட இரவு அங்கியாக வருகிறது.

கஃப் தவறிய இடத்தைச் சரிசெய்பவர் எஸ்ரா ஜென்னிங்ஸ். ஊர் ஒதுக்கிவைத்த உதவி மருத்துவர், அபினி அடிமை. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தலைமுடி. தான் ஒரு குடியேற்ற நாட்டில் பிறந்தவன், தந்தை ஆங்கிலேயர் என்று சொல்லித் தாயைப் பற்றித் தொடங்கும் இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார். அவருடைய வம்சத்தைப் பற்றி நாவல் அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை. முன்னாள் திருடியான வேலைக்காரி ரோசானா ஸ்பியர்மேன், எசமானியின் உறவினரைக் காதலித்து, புதைமணலில் இறங்கி உயிர்விடுகிறாள். அவள் விட்டுச்சென்ற கடிதம்தான் வழக்கைத் திருப்புகிறது. 1877இல் காலின்ஸ் இந்தக் கதையை நாடகமாக்கியபோது ரோசானாவும் ஜென்னிங்ஸும் அபினியும் மேடையேறவில்லை. அவர்கள் போனதும் கதை ஒரு பணக்கார வீட்டுத் திருட்டு வழக்காகச் சுருங்கிவிட்டது. மூல நாவலில் அவர்களுக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எனவே இருவரிடமும் மனிதர்கள் உண்டு. டிக்கென்ஸின் மனிதர்கள் வாயைத் திறந்ததும் யாரென்று தெரிந்துவிடும். காலின்ஸின் மனிதர்கள் எதை மறைக்கிறார்கள் என்பதில் தெரியவருகிறார்கள். ரேச்சல் நாவலின் பெரும்பகுதியில் வாய்திறப்பதில்லை. காதலன் திருடியதைத் தன் கண்ணால் பார்த்தவள், அவனைக் காக்க மௌனமாக இருக்கிறாள். இப்படி ஒரு பாத்திரம் டிக்கென்ஸின் கையில் உருவாகியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அபினியும் இலங்கை இரட்டையரும்

ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டார் என்பவர்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாரம் 'ட்ரூட்'. 1870 ஏப்ரலில் தொடங்கி, திட்டமிட்ட 12 பகுதிகளில் 6 மட்டுமே எழுதப்பட்டன. அட்டைப்படத்தை முதலில் வரைந்தவர் காலின்ஸின் தம்பி சார்லஸ். 'மூன்ஸ்டோன்' கதையின் முடிச்சு அபினி: வைரத்தைப் பாதுகாக்கும் கவலையோடு தூங்கப்போன ரேச்சலின் காதலன் ஃபிராங்க்ளின் பிளேக், தனக்கே தெரியாமல் கொடுக்கப்பட்ட அபினியின் மயக்கத்தில் தானே அதை எடுக்கிறான், அவனிடமிருந்து தட்டிச்சென்றவன் காட்ஃப்ரே ஏபிள்ஒயிட். ஊரறிந்த தர்மவான், உள்ளே கடனாளி. 'ட்ரூட்' கதையிலும் அபினி, ஊர் மதிக்கும் ஒருவரின் இரட்டை வாழ்க்கை, கீழைநாட்டு வாடை எல்லாம் உண்டு.

ஆனால் ஒற்றுமையைவிட வேற்றுமைதான் அதிகம் பேசுகிறது. 'ட்ரூட்' தொடங்குவது லண்டன் அபினிக் கூடத்தில். பேராலயப் பாடகர் ஜான் ஜாஸ்பரின் மயக்கத்தில் ஆலயக் கோபுரத்தோடு ஒரு சுல்தானின் ஊர்வலமும் வாள்களும் நடனப் பெண்களும் கலந்து ஓடுகின்றன. டிக்கென்ஸின் சுல்தான் புகையில் வருகிறார். காலின்ஸின் சுல்தானுக்கு ஊரும் கோட்டையும் இறந்த தேதியும் உண்டு. கொலைப்பழி விழும் நெவில் லேண்ட்லெஸ்ஸும் அவன் இரட்டைச் சகோதரி ஹெலனாவும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணின் காட்டு ரத்தம் தனக்குள் ஊறிவிட்டது என்கிற பாவனையில் நெவில் தன்னையே விவரித்துக்கொள்கிறான். கிழக்கு அங்கே ஒரு தொற்று. இங்கிலாந்தின் அமைதியான ஊருக்குள் வெளியிலிருந்து கேடு வந்து நுழைகிறது. காலின்ஸிடம் இது தலைகீழ்: கேடு இங்கிலாந்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. இந்தியர்கள் தங்களுடையதைத் தேடிக்கொண்டு வருகிறவர்கள்.

1857இன் நிழல்

இந்த வேற்றுமைக்கு முன்கதை உண்டு. 1857 கலகம் நடந்தபோது டிக்கென்ஸின் மகன் வால்டர் இந்தியாவுக்குப் படைவேலைக்கு வந்திருந்தான். பின்னர் 1863இன் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தான். 1857 அக்டோபரில் ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் டிக்கென்ஸ், தான் இந்தியாவின் தலைமைத் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே பூண்டோடு அழிக்க முயல்வேன் என்று எழுதினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் மலருக்காக இருவரும் சேர்ந்து எழுதிய 'தி பெரில்ஸ் ஆஃப் செர்ட்டன் இங்கிலிஷ் பிரிஸனர்ஸ்' கதையில், டிக்கென்ஸ் எழுதிய பகுதிகளில் அந்த வெறி தெரிகிறது. நடுப்பகுதியை எழுதிய காலின்ஸ் வில்லனை ஒரு கோமாளி மைனராக்கிக் கதையின் சூட்டைத் தணித்தார். சில வாரங்களில், 1858 பிப்ரவரியில், அதே பத்திரிகையில் காலின்ஸ் எழுதிய கட்டுரை, சிப்பாய்களுக்கு அறம் சொல்ல இஸ்லாமிய மரபின் கதையே போதும் என்றது. சிப்பாய்களை அவரும் குற்றவாளிகள் என்றே அழைத்தார். ஆனால் கீழைநாட்டுக்கும் அறம் உண்டு என்று அந்த நேரத்தில் எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

இந்தத் தடத்தைப் பிடித்தே நவீன விமர்சனம் நடந்தது. 1973இல் ஜான் ரீட், நாவலின் உண்மையான குற்றம் வைரத் திருட்டல்ல, இங்கிலாந்து ஒப்புக்கொள்ளாத ஏகாதிபத்தியம்தான் என்று வாதிட்டார். 1993இல் ஆஷிஷ் ராய் இதை மறுத்தார்: இந்தியாவை மர்மமும் சாபமும் நிறைந்த இடமாகக் காட்டும் நாவல், ஏகாதிபத்தியத்தின் சொல்முறையைத்தான் பலப்படுத்துகிறது என்றார். லிலியன் நேடர் 2002இல் வெளியிட்ட நூலில் இருவரின் கூட்டு எழுத்தை முதலாளி–ஊழியர் உறவாகப் படித்தார்.

நாவலுக்குள் ரீடுக்கு வலுவான சான்றுகள் உண்டு. ஒன்று ஏபிள்ஒயிட்டின் சாவு. கறுத்த மாலுமியாக வேடமிட்டு வைரத்தோடு தப்ப முயன்று, ஒரு மலிவான விடுதியறையில் பிணமாகக் கிடக்கிறான். கஃப் அந்த முகத்தின் நெற்றியோரம் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைக் கவனிக்கிறார். விக்கைக் கழற்றுகிறார், தாடியைப் பிடுங்குகிறார், தண்ணீரால் நிறத்தைக் கழுவுகிறார். கீழே லண்டனின் புகழ்பெற்ற தர்மவான். இன்னொன்று முடிவு. அவனைக் கொன்று வைரத்தை மீட்டவர்கள் பிடிபடுவதில்லை. 1850ஆம் ஆண்டு தேதியிட்ட கடைசிக் கடிதத்தில், வைரம் சோமநாதபுரத்துச் சந்திர தேவனின் நெற்றிக்குத் திரும்பிவிட்டது. அந்த 1850இல் உண்மை உலகில் நடந்தது என்ன? லாகூரில் பறிக்கப்பட்ட கோஹினூர் லண்டனில் விக்டோரியாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1868இன் வாசகருக்கு அந்த ஆண்டு மறந்திருக்காது.

ராய் சொல்வதும் பொய்யல்ல. நாவலில் பலர் சாட்சி சொல்கிறார்கள்: மேலாளர், துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் மிஸ் கிளாக், வக்கீல், மருத்துவர், துப்பறிவாளர். வைரத்தைத் தேடி வந்த மூன்று பிராமணர்களுக்கு மட்டும் சாட்சிக்கூண்டு இல்லை, பெயரும் இல்லை. வைரத்துக்காகச் சாதியையும் உயிரையும் பணயம் வைத்தவர்கள் கடைசிவரை மற்றவர் கண்ணில் பட்ட உருவங்களாகவே இருக்கிறார்கள். தட்டையான பாத்திரம் என்பதற்கு ஈ.எம். ஃபார்ஸ்டரின் இலக்கணத்துக்கு அப்பாலும் ஒரு பொருள் இருப்பது இங்கே புரிகிறது.

தமிழ்நாட்டு வாசகர் கட்சி

லண்டனில் நடந்த இந்தப் போட்டியில் இந்திய வாசகர்கள் யார் பக்கம்? பிரியா ஜோஷி நூலகப் பட்டியல்களைக் கொண்டு 2002இல் காட்டியது வேறொரு பெயரை: ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ். டிக்கென்ஸின் 'பிக்விக்'கைத் தொடர்ந்து எழுதி அவரை எரிச்சலூட்டிய ரெய்னால்ட்ஸை இங்கிலாந்து மறந்துபோனது. இந்தியா விழுந்து விழுந்து படித்தது. ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தழுவி எழுதியவை தமிழ்த் துப்பறியும், திடுக்கிடும் நாவலுக்கு வாசகரைச் சேர்த்துக் கொடுத்தன. பாத்திரமா பின்னலா என்ற வாதத்தில் நம் பாட்டன்மார் கொடுத்த ஓட்டு பின்னலுக்கே.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தொட்ட நாவலாசிரியர்களும் காலின்ஸோடு முடிவதில்லை. வால்டர் ஸ்காட் 1827இல் ஒரு குறுநாவலை மைசூருக்குக் கொண்டுவந்தார். மெடோஸ் டெய்லர் 1840இல் 'திப்பு சுல்தான்' எழுதினார். ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நெமோ திப்புவின் உறவுமுறை வாரிசு. கிரீஷ் கர்னாட் திப்புவின் கனவுக் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாடகம் செய்தார். இவர்கள் எல்லோருக்கும் திப்பு ஒரு மனிதர், அல்லது ஒரு வம்சம்.

காலின்ஸ் நிறுத்திக்கொண்ட இடம்

'மூன்ஸ்டோன்' கதையில் திப்பு வைரம் கைமாறிய பலரில் ஒருவர் மட்டுமே. ஔரங்கசீப் காலம் முதல் தொடரும் கொள்ளைக்காரர் வரிசையில் அவரும் சேர்க்கப்படுகிறார், ஹெர்ன்காசில் அடுத்தவன். இதனால் மைசூரின் இழப்பு, சோமநாதபுரத்தின் இழப்பாக மாறிவிடுகிறது. பக்கத்து ரங்கநாதர் கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் கொடுத்த திப்பு, கதையில் ஒரு கோயில் நகையை ஆயுதக் கிடங்கில் பூட்டிவைத்தவராக நிற்கிறார்.

இதைவிடப் பெரிய நழுவல் ஒன்று உண்டு. ஹெர்ன்காசில் ஒழுங்கை மீறிய தனிமனிதன். பேர்ட், கொள்ளையடிப்பவனைத் தூக்கிலிடுவேன் என்று அறிவிக்கும் நேர்மையாளராகக் கதையில் வருகிறார். உண்மையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் செல்வம் ஒழுங்கை மீறி மட்டும் போகவில்லை, ஒழுங்காகவும் போனது. சிப்பாய்கள் நகைகளை அற்ப விலைக்கு விற்றது முதல் இரவின் கதை. அதன்பின் பங்குப் பணத்துக்கான முகவர்கள் அமர்ந்து, கணக்கெழுதி, தளபதி முதல் சிப்பாய் வரை பதவிக்கேற்பப் பிரித்தார்கள். திப்புவின் அரியணையைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். அதன் தங்கப் புலித்தலையும் ரத்தினங்கள் பதித்த ஹுமா பறவையும் விண்ட்சரில் அரச சேகரிப்பில் சேர்ந்தன. வெள்ளையனைக் கடிக்கும் மரப்புலி லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூலகம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போனது. திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். 1806இல் அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் பெயரும் அடிபட்டது. புலியைச் சிங்கம் அடக்குவதைப் போன்ற பதக்கம் அடித்து வெற்றி கொண்டாடப்பட்டது. இவற்றில் எதற்கும் சாபம் ஒட்டிக்கொள்ளவில்லை, ரசீது இருந்தது.

இதைக் காலின்ஸ் எழுதவில்லை. எழுதியிருந்தால் பேர்டும் வெல்லெஸ்லியும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். ஞானத்தந்தையின் ஓவியத்து நாயகனே குற்றவாளிப் பட்டியலில் வந்திருப்பார். ஒரு குத்துவாளுக்காகக் கொன்ற ஹெர்ன்காசிலைக் குடும்பம் ஒதுக்குகிறது. அதே அரண்மனையின் படுக்கையறையில் எடுக்கப்பட்ட திப்புவின் வாளைப் படை பேர்டுக்குப் பாராட்டாக வழங்கியது. 2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் அது சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. முன்னது நாவலில் குற்றம். பின்னது வரலாற்றில் கௌரவம்.

ஆகவே, காலின்ஸா டிக்கென்ஸா என்று கேட்கிற வாசகருக்கு என் பதில் இது. மொத்த எழுத்தில் டிக்கென்ஸ் பெரியவர். மனிதர்களின் எண்ணிக்கையிலும் மொழியின் வீச்சிலும் அவரை எட்டக் காலின்ஸால் ஆகவில்லை. ஆனால் சாம்ராஜ்யத்தின் நடுவில் உட்கார்ந்து, குற்றம் நம்மிடமிருந்து புறப்பட்டது, திருடிய பொருள் திரும்பிப் போவதே நியாயம் என்று ஒரு வெகுசனக் கதையில் சொன்னவர் காலின்ஸ். அதைத் தன் பத்திரிகையிலேயே அச்சிட்ட டிக்கென்ஸ், இரண்டாண்டு கழித்து எழுதிய கதையில் மீண்டும் கிழக்கையே குற்றத்தின் ஊற்றாக்கினார். இந்த ஒரு போட்டியில் இளையவருக்கே வெற்றி. அந்த வெற்றியும் பாதி வெற்றிதான்: திருடனைத் தண்டித்தவர், பங்கு பிரித்தவர்களைத் தொடவில்லை. 'மூன்ஸ்டோன்' நாவலைக் கையில் எடுக்கும் தமிழ் வாசகர், திப்புவின் பொருள்கள் எந்தெந்த அருங்காட்சியகத்தில், எந்தெந்த ஏலத்தில் இருக்கின்றன என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், காலின்ஸ் எழுதாமல் விட்ட சாட்சியங்கள் அதில் கிடைக்கும்.